உழைத்தவனின் கூலி ஸகாத்தில் கழியுமா?

ஒரே கம்பனியில் வாலிபத்தைத் தொடங்கி, அங்கேயே முதுமையை அடைந்தவர்கள் நமது சமூகத்தில் நிறையப் பேர் இருக்கின்றனர். இளவயதில் ஊரை விட்டுக் கொழும்புக்கு வந்து, கடை மாடியில் படுத்துறங்கி, பெருநாளைக்கு மாத்திரம் வீடு சென்று, பிள்ளைகள் வளர்ந்ததையே சரியாகக் காணாதவர்கள் அவர்கள். குடும்பத்துக்காக ஹலாலான றிஸ்க்கைத் தேடிக் கழித்த அந்நாட்களும் இபாதத்தே.

அத்தகைய சகோதரர் ஒருவர் அண்மையில் ஒரு மஸ்அலா கேட்டு வந்தார். இருபதுக்கு மேற்பட்டோர் வேலை செய்யும் கம்பனியொன்றில் 32 வருடங்கள் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். சாவிக்கொத்து அவர் கையில்தான். சுகவீனத்தால் விலகியபோது முதலாளி கண்கலங்கி, "நீங்கள் எங்கள் வீட்டு ஆள்" என்று சொல்லி 50,000 ரூபாய் கொடுத்தாராம். அது ஸகாத் பணம் என்பது பின்னர்தான் தெரிய வந்தது. "ஹஸ்ரத், எனக்குரியது இதோடு முடிந்துவிட்டதா? கேட்டால் நன்றி கெட்டவன் ஆவேனா?" என்றார்.

அன்புச் சகோதரர்களே! ஸகாத் ஏழையின் உரிமை. சம்பளமும் அதைச் சார்ந்தவையும் உழைத்தவனின் உரிமை. முதலாளி மீது கடனாக இருக்கும் ஒன்றை ஸகாத்தைக் கொண்டு கழிக்க முடியாது. ஊழியர் ஏழையாயின் ஸகாத்தும் கொடுக்கலாம். ஆனால் அது கூலிக்குப் பகரமாகாது. அப்படிக் கழித்தால் கடனும் தீராது, ஸகாத்தும் நிறைவேறாது.

நமது நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாகவே உள்ளது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்த வேண்டும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் 5 வருடங்கள் பூர்த்தி செய்த மாதச் சம்பள ஊழியருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதப் பங்கு உரியது. விலகி 30 நாட்களுக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும். இச்சகோதரரின் கடைசிச் சம்பளம் 60,000 ரூபாய். கணக்குப் பார்த்தால் பணிக்கொடை மட்டும் 9 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாய். இதை விளங்கப்படுத்தியும், முதலாளியின் முகத்தைப் பார்த்துக் கேட்க அவருக்குக் கூச்சம்.

மூஸா (அலை) அவர்கள் மத்யனில் கூலிக்கு வேலை செய்த வரலாறு ஸூறா அல்கஸஸில் வருகிறது. எட்டு வருடங்கள் என்பது நிபந்தனை. பத்தாகப் பூர்த்தி செய்வது மூஸா (அலை) அவர்களின் விருப்பம். அப்பெரியார் தமது மகளையே மணமுடித்துக் கொடுக்க இருந்தவர். அப்படியிருந்தும் காலமும் கூலியும் முன்கூட்டியே பேசப்பட்டன. "வீட்டு ஆள்" என்ற உறவு கணக்கை மறைக்கும் திரையாகவில்லை.

குகையில் அடைபட்ட மூவரின் சம்பவம் ஸஹீஹுல் புஹாரியில் உண்டு. அவர்களில் ஒருவர், கூலியைப் பெறாமலே சென்றுவிட்ட தொழிலாளியின் கூலியை முதலீடு செய்து பெருக்கினார். காலம் சென்று அவன் வந்து கேட்டபோது, அதிலிருந்து பெருகிய மந்தைகள் அனைத்தையும் ஒப்படைத்தார். அவனோ, தன்னைப் பரிகாசம் செய்வதாகவே எண்ணினான். அந்த அமலை முன்வைத்துக் கேட்ட துஆவுக்கு அல்லாஹ் குகை வாயிலின் பாறையை விலக்கினான். இரவுத் தொழுகையையோ நோன்பையோ அல்ல, ஒரு கூலியாளின் கணக்கையே அவர் வஸீலாவாக்கினார் என்பதைச் சிந்தியுங்கள்.

முதலாளிமாரே! உங்கள் பழைய ஊழியர்களின் கணக்கை நீங்களே அழைத்துத் தீர்த்துவிடுங்கள். அதற்கு மேல் கொடுப்பது உங்கள் ஸதகா. ஊழியர்களே! அமானத்தைப் பேணுங்கள், நியமனக் கடிதத்தையும் சேமலாப நிதிப் பத்திரங்களையும் பத்திரப்படுத்துங்கள். உரிமையைப் பண்போடு கேட்பது நன்றி மறப்பதாகாது. பிள்ளைகளே! ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த வாப்பாவைப் பாரமாக எண்ணாதீர்கள். நீங்கள் உண்டு வளர்ந்தது அவருடைய ஆயுள்.

மனிதர்களின் ஹக்குகளில் எதையும் சுமக்காத நிலையில் தன்னைச் சந்திக்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.