பெட்டியைப் பிரிக்காதே என்கிறவர்களுக்கு

பழைய பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்று கையில் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்? பிரிக்க வேண்டும், ஒட்ட வேண்டும், வர்ணம் அடித்துப் பேரன் கையில் ஒரு தடவையாவது கொடுக்க வேண்டும். இதைச் சொன்ன நாளிலிருந்து எனக்கு மத்தளத்தின் கதிதான், இரண்டு பக்கமும் இடி. உறவுக்காரப் பையன் ஒருவன், "பிரிச்சேள்னா விலை போச்சு மாமா, சீல் உடையாம வெச்சிருக்கணும்" என்கிறான். அவனுடைய சிநேகிதன் வேறு கட்சி. "பிரிக்கலாம் சார், ஆனா பெட்டி மேல படத்துல இருக்கற மாதிரியேதான் பண்ணணும். ஒரிஜினல் போச்சுன்னா எல்லாம் போச்சு" என்கிறான். இருவரும் நல்ல பிள்ளைகள்தான். இருவருக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

விஷயம் புரியாதவர்களுக்கு இரண்டு வரி. அசல் வண்டியை 25-இல் ஒரு பங்காகச் சுருக்கி, அதன் பாகங்களைப் பிளாஸ்டிக்கில் வார்த்து, ஒரு பெட்டியில் போட்டு விற்பார்கள். இன்ஜின், சேஸிஸ், கதவு, சீட்டு எல்லாம் தனித்தனியாக இருக்கும். வாங்குகிறவன்தான் ஒட்டிச் சேர்க்க வேண்டும். இந்தக் கணக்கில் ஆறடி ஆள் 73 மில்லிமீட்டர் உயரம் இருப்பான், ஆள்காட்டி விரல் அளவு. அமெரிக்காவில் டிராய் என்ற ஊரில் 1948-இல் தொடங்கிய ஏ.எம்.டி. என்ற கம்பெனி இதில் பெயர் பெற்றது. பையனிடம் போயிருந்தபோது, பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கும்பலில் கிடைத்தது 1953 மாடல் ஃபோர்டு பிக்கப் ஒன்று. எந்த ஊர்ப் பையனோ பாதி ஒட்டி, மேலே சிவப்புப் பெயின்டைக் குழைத்துப் பூசிவிட்டு, மீதியை அப்படியே விட்டிருந்தான். இரண்டு டாலர்.

முதலில் பெட்டிக் கட்சி. சீல் உடையாமல் இருந்தால் பொருள் பத்திரமாக இருக்கும் என்பது இவர்கள் நம்பிக்கை. உள்ளே என்ன நடக்கிறது என்று இவர்கள் பார்த்ததே இல்லை, பார்த்தால்தான் சீல் உடைந்துவிடுமே! பாடி பாலிஸ்டைரீன் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கினால் ஆனது. டயர் வினைல். வினைல் மெத்தென்று இருப்பதற்காக அதில் எண்ணெய் மாதிரி ஒரு சரக்கைச் சேர்ப்பார்கள். வருஷக்கணக்கில் டயரும் பாடியும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் அந்த எண்ணெய் கசிந்து பிளாஸ்டிக்கை அரித்துவிடும். கண்ணாடிப் பாகத்தின் மேல் டயர் கிடந்திருந்தால் சூடு போட்ட மாதிரி வளையம் விழும். ஒட்டுப்படங்கள் பழுப்பேறும். இது அமெரிக்காவின் குளிரிலேயே நடப்பது. நம் ஊரில் மே மாதம், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரணில் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பளமே அங்கே நெளிகிறது.

அடுத்தது விலை. அந்த 1953 ஃபோர்டு ஒன்றும் கிடைக்காத பொருள் இல்லை. அதே கிட் எத்தனையோ தடவை மறுபடி போடப்பட்டு, இந்தப் பத்து வருஷத்திலும் புதுப்பெட்டியில் வந்திருக்கிறது. அச்சே அழிந்துபோன கிட்டுகள் சில உண்டு, அவற்றைச் சேர்த்து வைப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. மற்றதெல்லாம் நம் வீட்டு ஷோகேஸ் புத்திதான். குழந்தைக்கென்று வந்த பொம்மையைக் கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டி, குழந்தையை "தொடாதே" என்று அடிக்கிற அதே புத்திக்கு இப்போது 'கலெக்‌ஷன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

'ஒரிஜினல்' கட்சிதான் எனக்கு நிஜமான எதிரி, ஏனென்றால் அவர்கள் உழைப்பவர்கள். ஆனால் ஒரிஜினல் என்றால் எது? 1958-இலிருந்து ஏ.எம்.டி. கம்பெனி 'ஒன்றில் மூன்று' என்றே கிட்டுகளை விற்றது. கடையிலிருந்து வந்த மாதிரி ஒன்று, சொந்த ரசனைக்கு மாற்றியது ஒன்று, பந்தய வண்டி ஒன்று. மூன்றுக்கும் பாகம் உள்ளேயே இருக்கும், எதைச் செய்வது என்பது பையனின் இஷ்டம். செய்தவனே இஷ்டம் என்று விட்டதை, அறுபது வருஷம் கழித்து இன்னொருத்தர் வந்து "இல்லை, ஒன்றே ஒன்றுதான்" என்றால் எப்படி?

நம் ரோட்டில் ஓடிய வண்டிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். எண்ணூரிலிருந்து லேலண்ட் சேஸிஸ் வெறும் எலும்புக்கூடாக வரும். கேபின் கிடையாது, கூரை கிடையாது. டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வெயிலும் மழையும் முகத்தில் அறைய ஓட்டி வருவார். அது கரூருக்குப் போனால் பஸ், நாமக்கல் பக்கம் போனால் லாரி. பாடி கட்டியவர்கள் நம் ஆசாரிகள், வெல்டர்கள், பெயின்டர்கள். முதலாளியின் குலதெய்வம் நெற்றியில், பெண்டாட்டி பிள்ளை பெயர் பின்னால். இதில் எது ஒரிஜினல்? இன்னும் முன்னால் போனால், யுத்த காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது வண்டியின் முதுகில் கரி அடுப்பை ஏற்றி, அந்த வாயுவில் ஓட்டினார்கள். டி.வி.எஸ். அந்தக் கரிவாயு சாதனத்தைச் செய்தே விற்றது. அந்தப் பெயர் நமக்கு டோல்கேட் ஸ்டாப்பிங்காக மட்டும் ஞாபகம் இருப்பது வேறு கதை. இந்த ஊரில் எந்த வண்டியும் கம்பெனியில் முடிந்து வந்ததில்லை. நாம் முடித்துக்கொண்டதுதான்.

பொன்மலையையும் பாருங்கள். ஊட்டி மலை ரயிலுக்கு இன்ஜின் வந்தது சுவிட்சர்லாந்திலிருந்து. அந்த ரயிலுக்கு 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அந்தஸ்து கிடைத்தது. அதற்கப்புறம் பொன்மலைப் பணிமனையிலேயே அதே வகை நீராவி இன்ஜின்களைப் புதிதாகச் செய்து மலைக்கு அனுப்பினார்கள், அதுவும் நிலக்கரிக்குப் பதில் எண்ணெயில் எரியும்படி. ரயில் ஓடுகிறது, ஜனங்கள் டிக்கெட்டுக்கு அலைகிறார்கள். போலி என்று இறங்கிப் போனவர் யாரும் என் கண்ணில் பட்டதில்லை.

நம் ராயகோபுரத்தை மொட்டைக் கோபுரம் என்றுதானே நம் தாத்தாக்கள் சொன்னார்கள்? நூற்றாண்டுக் கணக்கில் பாதியில் நின்றதை 1987-இல் பதின்மூன்று நிலையாக முடித்தபோது, மொட்டையாக இருப்பதுதான் ஒரிஜினல் என்று யாராவது கொடி பிடித்தார்களா? (பொம்மை வண்டிக்குக் கோபுரத்தை உவமை சொன்னதற்குப் பெருமாள் மன்னிக்கட்டும்.)

ஆகவே அடியேன் வண்டியை வலப்பக்க ஸ்டியரிங்காக மாற்றினேன். டேஷ்போர்டை மூன்று துண்டாக அறுத்து, இடம் மாற்றி ஒட்டி, இடுக்குகளை டிங்கரிங் ஷெட்டில் போடும் அதே என்.சி. பட்டியால் அடைத்து, தண்ணீர்ப் பேப்பர் போட்டுத் தேய்க்க நாலு நாள் ஆயிற்று. பின் தொட்டிக்கு ஐஸ் குச்சியைப் பிளேடால் சீவிப் பலகை போட்டேன், அசல் வண்டியிலும் அங்கே மரம்தான். சரக்கு லால்குடி வாழைத்தார். எம்-சீலைப் பிசைந்து, ஒவ்வொரு காயும் ஆறு மில்லிமீட்டராக உருட்டினேன்.

இஷ்டம் என்றால் எது வேண்டுமானாலும் செய்யலாமா என்று கேட்பீர்கள். கூடாது. அந்தப் பையன் பூசிய பெயின்ட் கனம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 25 மடங்கு பெருக்கினால் அசல் வண்டியில் இரண்டரை மில்லிமீட்டர் தாரை ஊற்றின கனம். கதவு இடுக்கு, கைப்பிடி, பெயர் எழுத்து எல்லாம் அதில் முழுகிவிடும். வருஷா வருஷம் கொலு பொம்மைக்கு டச்சப் என்று எனாமலை அப்பி, மூக்கும் முழியும் தெரியாமல் தசாவதாரத்தையே பத்து மொழுக்கட்டைகளாக்குகிறோமே, அதே பாவம்தான். கையுறை மாட்டிக்கொண்டு பிரேக் ஆயிலில் இரண்டு நாள் ஊறப்போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் சிவப்பு கழன்று வரும், அடியில் உள்ள பிளாஸ்டிக் அப்படியே இருக்கும். இதைப் பேரனிடம் விடாதீர்கள், பெரியவர்கள் வேலை. கண்ணாடி ஒட்ட ஃபெவிக்விக் பக்கம் போகவே வேண்டாம், வெள்ளையாகப் புகை படிந்துவிடும். கேபின் கூரையின் உட்புறம், உலர்ந்த பசையில் ஒரு சின்னக் கட்டைவிரல் ரேகை இருந்தது. அதை மட்டும் தேய்க்கவில்லை. கவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும், இருந்துவிட்டுப் போகட்டும்.

வருகிற நவராத்திரிக்கு வண்டி கொலு பார்க்கில் நிற்கும். பக்கத்தில் மளிகைக் கடை போட்டிருக்கும் செட்டியார் வண்டியைவிடப் பெரியவர், வாழைத்தாரை அவரே ஒரு கையால் இறக்கிக்கொள்வார். அதற்கும் 'ஸ்கேல்' தப்பு என்று சொல்ல ஆள் வரும், வரட்டும். சுண்டல் கொடுத்து அனுப்புவேன்.

இப்போதைய சண்டை நம்பர் பிளேட்டைப் பற்றி. டி.என். 48 என்று எழுதியிருக்கிறேன். 1953 வண்டி என்றால் 'எம்' எழுத்தில் தொடங்கும் மதராஸ் நம்பர்தான் இருக்க வேண்டும், டி.என். வரிசையெல்லாம் எண்பதுகளின் கடைசியில்தானே வந்தது என்று அந்தச் சிநேகிதப் பையன் போன் போட்டுச் சொல்கிறான். அவன் சொல்வது சரி. ஆனால் ஸ்ரீரங்கத்து வண்டிக்கு ஸ்ரீரங்கத்து நம்பர், மாற்றுவதாக இல்லை. பெயின்டும் காய்ந்துவிட்டது.