கார் திரைக்கும் தேர்வு வேண்டும்

மனிதக் கவனத்துக்கு எல்லை உண்டு. அந்த எல்லையைக் கணக்கிடவும் முடியும். ஸ்டூவர்ட் கார்ட், தாமஸ் மொரான், ஆலன் நியூவெல் மூவரும் 1983-இல் வெளியிட்ட நூல், கணினி முன் அமரும் மனிதரையே ஒரு செயலியாக வரைந்து காட்டியது. கண்ணில் பட்டது புலனாக ஏறத்தாழ 100 மில்லிவிநாடி, மனத்தின் ஒரு சுற்றுக்கு 70, விரல் அசைவுக்கு இன்னொரு 70. இவற்றைக் கோத்துப் பார்த்தால், திரையை உருவாக்கும் முன்பே அதில் ஒரு வேலை முடியும் நேரத்தைச் சொல்லிவிடலாம்.

ஏட்டுக் கணக்கு என்று இதை ஒதுக்க முடியாது. அமெரிக்காவின் நைனெக்ஸ் தொலைபேசி நிறுவனம் ஆபரேட்டர்களுக்குப் புதிய கணினி வாங்க எண்ணியபோது, வேலை வேகமாகும் என்றே எதிர்பார்க்கப்பட்டது. மந்தமாகும் என்றது மாதிரிக் கணக்கு. நேரடிச் சோதனையிலும் சுமார் 4 சதவீதம் மந்தம்தான். வாடிக்கையாளர் பேசும்போது, எப்படியும் காத்திருக்கும் நேரத்தில் தட்டிய விசைகளைப் புதிய வடிவமைப்பு மிச்சப்படுத்தியது. அழைப்பின் முடிவில், காத்திருப்பே இல்லாத இடத்தில், ஒன்றைக் கூட்டிவிட்டது. விசைகளை மட்டும் எண்ணியிருந்தால் லாபமாகத்தான் தெரிந்திருக்கும்.

அங்கே பணத்தோடு போயிற்று. சாலையில் உயிர் போகும். ஏசியைக் குறைக்கக்கூடத் தொடுதிரையில் தேடவைக்கும் கார்கள் பெருகிவிட்டன. குமிழ் என்றால் விரலே கண்டுபிடிக்கும். வழுவழுப்பான கண்ணாடிக்குக் கண் போயாக வேண்டும். 60 கி.மீ. வேகத்தில் 2 விநாடி பார்வை விலகினால் வண்டி 33 மீட்டர் ஓடியிருக்கும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2013-இல் ஒரு பார்வைக்கு 2 விநாடி, ஒரு வேலைக்கு மொத்தம் 12 விநாடி என வரம்பு வகுத்தது. அது வெறும் பரிந்துரை, மீறினால் கேட்பாரில்லை. கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திர மதிப்பீடு தரும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்போ 2026 முதல் இண்டிகேட்டர், ஹார்ன், வைப்பர், அபாய விளக்கு, அவசர அழைப்பு ஐந்துக்கும் கைக்குத் தட்டுப்படும் விசைகளை எதிர்பார்க்கிறது. இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும். நட்சத்திரம் குறைந்தால் விற்பனை அடிபடும் என்பது தயாரிப்பாளர்களுக்குப் புரியும் மொழி.

பழகினால் சரியாகிவிடும் என்பார்கள். மென்பொருள் புதுப்பிப்பு ஒவ்வொன்றும் பொத்தானை இடம் மாற்றிவிடக்கூடிய திரையில் விரல் எதைப் பழகும்? இந்தியாவிலும் பாரத் என்கேப் நட்சத்திர மதிப்பீட்டில் திரைச் சோதனைக்கும் மதிப்பெண் ஒதுக்க வேண்டும். ஓட்டுநர் செய்யும் வேலை ஒவ்வொன்றுக்கும் கண் சாலையை விட்டு விலகும் நேரத்தை அளந்து, காரின் விலைப்பட்டியலோடு வெளியிடச் செய்ய வேண்டும்.