காத்திருக்கும் வாக்குகளும் தென்காசிக் கணக்கும்

இன்றைய தோல்வியைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டு, பல ஆண்டுகள் கழித்துக் கிடைக்கக்கூடிய பலனுக்காக ஒருவர் வாக்களிப்பாரா? பொருளாதார அறிஞர் அந்தோணி டவுன்ஸ் 1957-இல் வெளியிட்ட ஜனநாயகம் பற்றிய நூலில் இதற்கு விடை உண்டு. வெல்ல வாய்ப்பில்லாத கட்சியை ஆதரிப்பவர் அறியாமையால்தான் அப்படிச் செய்கிறார் என்று கருத வேண்டியதில்லை. அக்கட்சி நாளை வளரும் என்றோ, தன் விலகலைக் கண்டு பழைய கட்சி வழிக்கு வரும் என்றோ அவர் கணக்கிட்டிருக்கலாம் என்கிறார் டவுன்ஸ்.

இக்கணக்கை நெடுங்காலம் பொறுமையாகப் போட்டவர்கள் அமெரிக்கப் பழமைவாத வாக்காளர்கள். 1964 அதிபர் தேர்தலில் பேரி கோல்ட்வாட்டர் படுதோல்வி அடைந்தார். அவரை ஆதரித்தவர்கள் கலைந்துவிடவில்லை. 1980 தேர்தலில் ரீகன் வென்றார். கருக்கலைப்பு உரிமையை அங்கீகரித்த 1973 ஆம் ஆண்டுத் தீர்ப்பை மாற்றுவதே அவர்களில் பலரது இலக்கு. டிரம்ப்பின் தனிவாழ்க்கை அவர்களது சமய நெறிக்கு ஒத்ததாக இல்லை. ஆயினும் 2016-இல் வெள்ளையின சுவிசேஷக் கிறிஸ்தவர்களில் ஏறத்தாழ 10-க்கு 8 பேர் அவருக்கே வாக்களித்தனர். உச்சநீதிமன்றத்தில் ஓரிடம் காலியாக இருந்த நிலையில், தாம் பரிசீலிக்கவிருக்கும் நீதிபதிகளின் பட்டியலை அவர் முன்கூட்டியே வெளியிட்டிருந்தார். மூன்று நியமனங்களுக்குப் பிறகு, 2022 ஜூனில் அத்தீர்ப்பு ரத்தானது. இலக்கில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காத்திருப்பு அது.

நம் தென்காசிக்கு வருவோம். 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன், 2023 செப்டம்பரில் அதிமுகவும் பாஜகவும் பிரிந்தன. தனித்தொகுதியான தென்காசியில் திமுகவின் ராணி ஸ்ரீகுமார் ஏறத்தாழ 4.25 லட்சம் வாக்குகள் பெற்று வென்றார். இரட்டை இலையில் நின்ற புதிய தமிழகம் தலைவர் கிருஷ்ணசாமிக்கு 2.29 லட்சம், தாமரையில் நின்ற ஜான் பாண்டியனுக்கு 2.08 லட்சம். கூட்டினால் 4.38 லட்சம் ஆகிறது. பிரியாமல் இருந்திருந்தால் வென்றிருக்கலாமே என்று அன்று முதல் பலர் சொல்லி வருகின்றனர்.

இக்கூட்டலை நான் ஏற்பதில்லை. வேட்பாளர்கள் இருவரும் தேவேந்திர குல வேளாளர் சமூகத்தில் தமக்கெனச் செல்வாக்கு உள்ளவர்கள். ஒருவர் விலகினால் அவரது வாக்கு அப்படியே மற்றவருக்குப் போகும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பாஜக விலகியதாலேயே அதிமுக பக்கம் நின்ற சிறுபான்மை வாக்காளர்களும் இருந்திருக்கக்கூடும். கடையநல்லூரை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2019-இல் இரு கட்சிகளும் ஒரே அணியில் இருந்தன. அப்போதும் இதே கிருஷ்ணசாமி சுமார் 1.2 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் தோற்றார்.

எனவே, அந்த 2.08 லட்சத்தை வீண் வாக்கு என்று தள்ளிவிட முடியாது. முடிவுகள் வந்த ஜூன் மாதத்தில், குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த ஒரு காலைநேர நடையின்போது, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியான நண்பர் ஒருவர் சொன்னார்: "இது வைப்புத்தொகை சார். இப்போ எடுக்கிறதுக்குப் போடலை." ஆண்டாண்டுகளாக இரட்டை இலைக்கு வாக்களித்தவர் அவர். வைப்புத்தொகை என்றால் முதிர்வுத் தேதியும் வட்டியும் எழுதிய ரசீது இருக்குமே என்றேன். சிரித்தார்.

அந்த ரசீதுதான் பிரச்சினை. அமெரிக்க வாக்காளருக்கு நீதிபதிகளின் பட்டியல் கையில் இருந்தது. 1982-இல் தொடங்கப்பட்ட ஃபெடரலிஸ்ட் சொசைட்டி போன்ற, தேர்தல் முடிந்த பிறகும் கலையாத அமைப்புகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, கட்சிக்குள்ளேயே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், சொல் தவறியவரைத் தண்டிக்கும் வாய்ப்பு இருந்தது. இங்கே இவற்றில் எதுவும் இல்லை. மாநிலம் முழுவதும் பாஜக பெற்ற 11 சதவீத வாக்கு ஓரிடத்தைக்கூடப் பெற்றுத் தராவிட்டாலும், பேரம் பேசும் வலிமையைத் தந்தது உண்மை. அந்த வலிமை செலவழிக்கப்பட்ட விதத்தில் வாக்களித்தவருக்குப் பங்கில்லை. 2025 ஏப்ரலில் அமித் ஷா சென்னையில் கூட்டணியை அறிவித்தார். பிரிவின் முகமாக இருந்த அண்ணாமலைக்குப் பதிலாக நயினார் நாகேந்திரன் மாநிலத் தலைவரானார். அதிமுகவுக்கு மாற்று வளர வேண்டும் என்று வாக்களித்தவரும், அதிமுகவைப் பணிய வைக்க வேண்டும் என்று வாக்களித்தவரும் ஒரே அறிவிப்பைத் தொலைக்காட்சியில் பார்த்தனர். முதலாமவர் ஏமாந்தார்; இரண்டாமவர் ஓரளவு வென்றார். இருவரிடமும் எவரும் எதுவும் கேட்கவில்லை.

இது பாஜகவுக்கு மட்டும் உரிய குறையன்று. 2014-இல் திமுக அணியில் நின்ற கிருஷ்ணசாமி, அடுத்த இரு தேர்தல்களிலும் இரட்டை இலையில் நின்றதை இத்தொகுதி பார்த்தது. கூட்டணி பேசப்படும் அறைக்குள் எந்தக் கட்சியின் வாக்காளருக்கும் நாற்காலி கிடையாது.

என்றாலும், இங்கே வாக்காளரின் கை முற்றிலும் வெறுங்கையன்று. 2021 சட்டமன்றத் தேர்தலில் தென்காசி பேரவைத் தொகுதியைக் காங்கிரஸின் பழனி நாடார் வென்றது வெறும் 370 வாக்குகளில். சில தெருக்களின் வாக்கே முடிவை மாற்றக்கூடிய ஊரில், என்ன தருவீர்கள் என்று வேட்பாளரிடம் கேட்பவர்கள், எங்கள் வாக்கைக் காட்டி யாரிடம் என்ன பேசப் போகிறீர்கள் என்றும் சேர்த்துக் கேட்கலாம்.