மூலை இல்லாத ஹால்

சதுர சோபாவை வட்டச் சுவரோடு ஒட்டிப் போட்டால் பின்னால் பிறை நிலா மாதிரி ஒரு சந்து விழும். முதலில் அதில் தூசி சேரும், அப்புறம் பழைய பேப்பர், கடைசியில் பூனை. திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் கட்டிய வீடுகளிலும், அவர் பாணியைப் பார்த்து மற்றவர்கள் கட்டிய வீடுகளிலும் குடியிருப்பவர்களுக்கு இந்தச் சந்து நன்றாகவே பழக்கம்.

பேக்கர் சுவரை வளைத்தது அழகுக்காக மட்டும் அல்ல. 40 அடி நீளச் சுவரைச் சதுரமாக நிறுத்தினால் உள்ளே 100 சதுர அடி. அதையே வட்டமாக வளைத்தால் 127. செங்கல் அதேதான், இடம் கூடுதல். இங்கிலாந்தில் 1917-ல் பிறந்து, 2007-ல் திருவனந்தபுரத்தில் மறைந்த அந்த மனிதர் செங்கல் கணக்கில் கறார். ஆனால் கடையில் விற்கும் பீரோவும் கட்டிலும் நேர்கோட்டில் அல்லவா இருக்கின்றன? மிச்சம் பிடித்த 27 சதுர அடியை அவை தின்றுவிடுகின்றன.

நண்பர் ஒருவர் அப்படியொரு வீட்டை வாங்கினார். நாகர்கோவில் வீட்டை விற்றுவிட்டு அம்மாவைக் கூட்டி வர வேண்டும். வந்து பார்த்த அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "மூலையே இல்லாத வீடா மக்களே, வெளக்க எங்க வைப்பேன்?" பதில் கிடைக்கும்வரை பெட்டி கட்டுவதில்லை என்று ஊருக்குத் திரும்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேர் கூடினோம். சோபாவை எட்டு இடத்தில் போட்டுப் பார்த்தோம். ஊஞ்சல் மாட்டலாம் என்றார் வங்கி நண்பர். கூரையைப் பார்த்ததும் அந்த யோசனை போயிற்று. கான்கிரீட்டுக்கு நடுவே ஓடு பதித்த கூரை. கட்டும்போதே கொக்கிக்கு ஏற்பாடு செய்யாமல் பிறகு துளைக்கப் போனால் ஓடுதான் உடையும்.

வழி காட்டியது தம்பானூர். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பேக்கர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறதே, சுருள் சுருளாக ஏறும் செங்கல் கோபுரம், அங்கே காபி குடிக்கத்தான் போனோம். தரையே சரிவு. நாற்காலி போட்டால் நிற்காது. அதனால் மேஜையும் பெஞ்சும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டப்பட்டிருக்கின்றன. கல்லூரி ஆசிரியராக இருக்கும் நண்பர் டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார்: "சோபாவை வித்துருங்க. திண்ணை கட்டுங்க."

கொத்தனார் மூன்று நாளில் முடித்தார். சுவரின் வளைவோடு ஒன்றரை அடி உயரத்தில் செங்கல் திண்ணை, மேலே சிவப்பு ஆக்சைடு பூச்சு. சோபா விலையில் பாதிகூட ஆகவில்லை. அடியில் செருப்புக்கும் புத்தகத்துக்கும் பொந்துகள். வடகிழக்கு முனையை மட்டும் இரண்டு வரி செங்கல் உயர்த்தினார். மூலை இல்லாவிட்டால் என்ன, திசை இருக்கிறதே! நாகர்கோவிலிலிருந்து வந்த பத்தாயம் நடுவில் மேஜையாயிற்று. அதன் மேல் வெற்றிலைச் செல்லமும் நண்பரின் லேப்டாப்பும்.

விளக்கு ஏற்றியாயிற்று. டி.வி.க்குத்தான் இன்னும் இடம் அமையவில்லை. மேற்குச் சுவரின் செங்கல் ஜாலி வழியே மாலை வெயில் நேராகத் திரையில் விழுகிறது. துணி கட்டி மறைக்கலாம் என்கிறார் நண்பர். தரையில் விழும் வெயில் கட்டங்களைப் பார்த்துக்கொண்டே திண்ணையில் சாய்ந்திருக்கும் அம்மா, கூடாது என்கிறார்.