ஃபீல்ட் மார்ஷலின் குன்னூர் வீடு

'சாம் பகதூர்' படத்தில் விக்கி கௌஷலின் மீசையையும் நடையையும் பார்த்து ரசித்தவர்கள் நம்மில் நிறைய பேர். ஆனால் அந்த நிஜ ஹீரோ கடைசிக் காலம் முழுக்க வாழ்ந்தது நம்ம நீலகிரியில் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஜூன் 27, ஃபீல்ட் மார்ஷல் சாம் மானெக்‌ஷாவின் நினைவு நாள்.

1914-ல் அமிர்தசரஸில் ஒரு பார்சி டாக்டரின் மகனாகப் பிறந்தவர். அவருக்கும் டாக்டர் ஆசைதான். 'லண்டனுக்குப் போய்ப் படிக்கிறேன்' என்று கேட்டபோது, 'தனியாக அனுப்பும் வயது இல்லை' என்று அப்பா மறுத்துவிட்டார். அந்தக் கோபத்தில் எழுதியதுதான் ராணுவ அகாடமி தேர்வு. டேராடூன் அகாடமியின் முதல் பேட்ச்சில் இடம் கிடைத்தது.

லாகூரில் சந்தித்த சில்லுவை 1939-ல் திருமணம் செய்தார். மூத்த மகள் ஷெர்ரிக்கு 2 வயது இருக்கும்போது, 1942 பிப்ரவரியில், பர்மாவின் சிட்டாங் பாலம் அருகே ஜப்பானியரின் குண்டுகள் அவர் உடலைத் துளைத்தன. பிழைக்க மாட்டார் என்று நினைத்த டிவிஷன் தளபதி, தன் சட்டையில் இருந்த மிலிட்டரி கிராஸ் ரிப்பனைக் கழற்றி அங்கேயே அவருக்குக் குத்திவிட்டார். இறந்தவருக்கு அந்த விருது தர முடியாது என்பதால் அவ்வளவு அவசரம்! உதவியாளர் ஷேர் சிங் தூக்கிச் சென்றதால் உயிர் தப்பினார். என்ன ஆச்சு என்று டாக்டர் கேட்டபோது, கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்று சொன்னாராம். அந்தக் குறும்பைக் கேட்ட பிறகுதான் டாக்டர் கத்தியை எடுத்தார் என்பார்கள்.

அதன்பிறகு நடந்தது நாடறிந்த கதை. 1971 டிசம்பரில் 13 நாள் யுத்தம், சுமார் 93,000 பேர் சரண், வங்கதேசம் பிறந்தது. 1973 ஜனவரியில் நாட்டின் முதல் ஃபீல்ட் மார்ஷல் ஆனார். அதே மாதம் பணியிலிருந்து விடைபெற்றார்.

அப்போது அவர் நினைத்திருந்தால் டெல்லியிலேயே தங்கியிருக்கலாம். ஆனால் முன்பு வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்குத் தலைவராக இருந்தபோது பழகிய மலைக்கே சில்லுவுடன் திரும்பி வந்தார். குன்னூர் வீட்டுக்கு 'ஸ்டாவ்கா' என்று பெயர். ரஷ்ய மொழியில் ராணுவத் தலைமையகம் என்று அர்த்தம். கிட்டத்தட்ட 40 வருடம் நாட்டுக்குக் கொடுத்தவர், மீதி வாழ்க்கையை மனைவிக்கும் மகள்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கொடுத்தார். இளைய மகள் மாயா தாருவாலா, இன்று மனித உரிமைத் தளத்தில் அறியப்பட்ட பெயர். 2001-ல் சில்லு காலமானார். சாம் அதே மலையிலேயே இருந்தார்.

இந்தக் கதையில் நாம் தலைகுனிய வேண்டிய இடமும் இருக்கிறது. ஃபீல்ட் மார்ஷலுக்கு ஓய்வே கிடையாது, ஆயுள் முழுக்க முழுச் சம்பளம் உண்டு. ஆனால் அவருக்கு அது வரவில்லை. வெலிங்டன் மருத்துவமனையில் இருந்தவரை அப்துல் கலாம் போய்ப் பார்த்த பிறகு, 2007-ல்தான் 1 கோடி ரூபாய்க்கும் மேலான நிலுவைத்தொகை கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 93!

2008-ல் அவர் மறைந்தபோது பிரதமரோ முப்படைத் தளபதிகளோ வரவில்லை. தேசிய துக்கமும் அறிவிக்கப்படவில்லை. 1993-ல் மடிகேரியில் ஃபீல்ட் மார்ஷல் கரியப்பாவின் இறுதிச் சடங்குக்கு முப்படைத் தளபதிகளோடு போய் நின்றவர் இதே மானெக்‌ஷா.

ஃபீல்ட் மார்ஷலுக்கே இந்த நிலை என்றால், நம் தெருவில் இருக்கும் 'மிலிட்டரிக்காரர்' தாத்தாவை யோசித்துப் பாருங்கள். அவரிடம் யுத்தக் கதை மட்டும் கேட்காதீர்கள். பென்ஷன் ஆணையில் பாட்டியின் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கிறதா, இந்த வருட வாழ்நாள் சான்று கொடுத்தாயிற்றா என்றும் கேளுங்கள். ஒரு எழுத்து தப்பாக இருந்தாலும், பின்னாளில் குடும்ப பென்ஷனுக்கு அலையப்போவது பாட்டிதான். திருத்தம் செய்ய, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள். ஆன்லைன் வேலை என்றால் தாத்தாவுக்கு உங்கள் போன் உதவட்டுமே!

ஊட்டிப் பக்கம் போனால், ஊட்டி - குன்னூர் சாலையில் மானெக்‌ஷா பாலம் வரும். அருகில் அவர் சிலையும் இருக்கிறது. சாம் உறங்குவது ஊட்டி பார்சி கல்லறையில், சில்லுவுக்குப் பக்கத்திலேயே.