விட்டிலை விட்டுவிடுங்கள்

நெருப்பை நாடிப் பறக்கும் பூச்சி என்றால் நம் கவிஞர் பெருமக்களுக்குத் தெரிந்தது விட்டில் ஒன்றே. காதலில் வீழ்ந்தவன் விட்டில், ஊர்வலத்தில் மாண்டவன் விட்டில், சினிமாவுக்குப் போய்க் கெட்டவனும் விட்டில். திருமழிசையில் கூடிப் படிக்கும் நாங்கள் சிலர் இந்த விட்டிலுக்கு ஓய்வு கேட்கிறோம்.

முதற்காரணம், அந்த உவமையே பிழை. செயற்கை ஒளியருகே பறக்கும் பூச்சிகள் ஒளியை வானமெனக் கொண்டு அதற்கு முதுகைக் காட்டித் திரும்பித் திரும்பிச் சிக்கிக்கொள்கின்றன என்று 2024இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அதில் மோகமும் இல்லை, தியாகமும் இல்லை.

இரண்டாவது, நெருப்பை உண்மையிலேயே தேடிச் செல்லும் பூச்சி வேறொன்று இருக்கிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வாழும் மெலனோஃபிலா அக்யூமினாட்டா என்னும் அக்கரிய வண்டு ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். நாம் சிறுவயதில் தீப்பெட்டிக்குள் இலை போட்டு வளர்த்த பொன்வண்டின் குடும்பம்தான் அதுவும். காடு எரிந்தால் மற்ற உயிர்கள் ஓட, இது தீயை நோக்கி வருகிறது. உயிருள்ள மரம் பிசின் சுரந்து புழுவைக் கொன்றுவிடும். வெந்த மரத்தால் அது இயலாது. அம்மரத்தின் பட்டையில் முட்டையிடவே இவ்வளவு பயணமும்.

எப்படி அறிகிறது? அதன் நடுக்கால்கள் உடலோடு சேருமிடத்தில் பக்கத்துக்கொன்றாக இரு குழிகள் உள்ளன. அவை அகச்சிவப்புக் கதிரை உணர்வதை 1964இல் வில்லியம் எவன்ஸ் கண்டறிந்தார். ஒவ்வொரு குழியிலும் ஏறத்தாழ 70 நுண்கோளங்கள். வெப்பத்தில் கோளத்தின் நீர் விரிந்து நரம்பு முனையை அழுத்துகிறது என்பது ஜெர்மானியர் ஹெல்முட் ஷ்மிட்ஸ் குழுவினரின் விளக்கம். 1925இல் கலிஃபோர்னியாவின் கோலிங்காவில் எண்ணெய்க் கிடங்கு எரிந்தபோது இவ்வினத்தின் உறவு வண்டுகள் திரளாக வந்தன. எரிந்தது எண்ணெய், மரமன்று, வண்டும் ஏமாறும். ஆனால் அவை 130 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் வந்திருக்கலாம் என்று 2012இல் கணக்கிட்டிருக்கிறார்கள்.

சிவன் நெற்றிக்கண் திறந்தபோது, கால்விரலில் கண் திறந்து எதிர்த்தீ கக்கினார் எங்களூர் ஆழ்வார் என்பது ஐதீகம். காலடியில் கண் என்றால் கைகூப்பும் நாம், காலடியில் தீயறியும் புலன் கொண்ட உயிரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

“கவிதைக்குப் பூச்சியியல் எதற்கு?” என்று நண்பர்கள் கேட்கக்கூடும். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கிய கபிலரிடம் இதை யாரும் கேட்டதில்லை. அவர் மரபென்று மார்தட்டிக்கொண்டு, “ஏதோ ஒரு பூச்சி”, “பெயர் தெரியாப் பறவை” என்று எழுதுவது சோம்பலன்றி வேறென்ன?

இது வெறும் உவமைச் சண்டையன்று. 2018 மார்ச்சில் குரங்கணித் தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. அந்தத் துயரத்துக்குச் சொற்கள் வேண்டும். ஆனால் தீ என்றாலே முடிவு என்று பழகிய மொழி, எரிந்த காட்டைச் செத்த காடு என்று எழுதி முடித்துவிடும். செத்ததென்று பெயரிட்ட நிலத்துக்காக யாரும் வாதாட மாட்டார்கள். வெந்த மரத்துக்குள் ஒரு புழு வளர்வதை அறிந்தவன் அப்படி எழுதத் தயங்குவான்.

அடுத்த விட்டிலை எழுதுமுன், வனத்துறை அனுமதியோடு, எரிந்தணைந்த காடொன்றைப் போய்ப் பாருங்கள். அடிமரத்தருகே குனிந்து, பட்டையின்மேல் என்ன ஊர்கிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். கவிதையைப் பிறகு வாசிக்கிறோம்.