அடையாறில் லத்தி எடுபடாது

ஆக்ஸ்ஃபோர்டில் இன்ஸ்பெக்டர் மோர்ஸ் துப்புத் துலக்கிய பிரிட்டிஷ் தொடர் 1987 முதல் 2000 வரை 33 பாகங்கள் வந்தது. பிறகு அவருடைய உதவியாளர் லூயிஸை வைத்து ஒரு தொடர், மோர்ஸின் இளமையை வைத்து ‘எண்டெவர்’ என்று இன்னொன்று. 2023இல்தான் கடையைக் கட்டினார்கள். இத்தனை கொலை நடந்தால் அங்கே பாடம் நடத்த ஆள் மிஞ்சியிருப்பார்களா என்பது வேறு விஷயம். மோர்ஸ் அதே பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பட்டம் வாங்காமல் வெளியேறியவர். அவர் விசாரிக்க வேண்டியவர்களோ அவரைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கும் பேராசிரியர்கள். அதட்டினால் காரியம் நடக்காது. யோசித்தே ஆக வேண்டும். கதையின் உயிர் அந்த நெருக்கடியில் இருக்கிறது.

நம் ஊரிலும் ஓடிடி வந்தபிறகு குற்றக்கதைக்கு நல்ல காலம்தான். ஆனால் ‘சுழல்’ தொடர் ஒரு சிற்றூருக்குப் போனது, ‘வதந்தி’ கன்னியாகுமரிப் பக்கம் போனது. சென்னை என்றால் ரவுடியும் என்கவுன்டரும். ஐஐடி, அண்ணா பல்கலைக்கழகம், தியசாபிகல் சொசைட்டி, மயிலாப்பூர் சபாக்கள் என்று அறிவும் அந்தஸ்தும் புழங்கும் தென்சென்னைக்குள் துப்பறியும் கேமரா அநேகமாக நுழைவதே இல்லை. ஷூவைக் கழற்றிவிட்டு வரச் சொல்லி, டபராவில் காபி கொடுத்து, பேச்சுவாக்கில் கமிஷனர் பெயரையும் காதில் போட்டுவைக்கிற அபிராமபுரத்து வீட்டில் இன்ஸ்பெக்டரால் லத்தியை எடுக்க முடியாது. நம் போலீஸ் கதைகளுக்குத் தேவையான இடம் அதுதான். தமிழ் வாசகர்கள் கொண்டாடிய துப்பறிவாளர்களும் போலீஸ்காரர்கள் இல்லை. தேவனின் சாம்பு வங்கி குமாஸ்தா. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் தம்புச்செட்டித் தெரு வக்கீல்கள். காக்கிச் சட்டை மூளையால் கண்டுபிடிக்கும் என்று நம்ப எழுத்தாளர்களுக்கே தயக்கம் போலிருக்கிறது.

அடித்து வாங்கும் வாக்குமூலத்தால் வழக்கும் நிற்காது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்று 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தின் 23ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. அந்த வாக்குமூலத்தை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அது தொடர்பான பகுதி மட்டும் ஏற்கப்படும். திரையிலோ நாலு அறை விட்டதும் கேஸ் முடிந்துவிடுகிறது. அந்த அறை யார்மேல் விழுகிறது என்று வெற்றிமாறனின் ‘விசாரணை’ (2015) காட்டியபிறகும் பழக்கம் மாறவில்லை.

நிதானமான விசாரணையை யார் பார்ப்பார்கள் என்பார்கள். 1954இலேயே எஸ். பாலசந்தர் ஒரு பாட்டுகூட இல்லாமல், ஒரு கொலையைப் பற்றி ஒவ்வொருவராக விசாரிப்பதையே ‘அந்த நாள்’ என்று படமாக்கினார். முதலில் வசூல் இல்லை, உண்மைதான். எழுபது வருடம் கழித்தும் பேசப்படுகிறது. ஐஐடி போன்ற நிறுவனங்கள் படம்பிடிக்க அனுமதி தராது என்றால் பெயரை மாற்றிக்கொள்ளலாம். மோர்ஸ் கதையின் லான்ஸ்டேல் கல்லூரியும் கற்பனைதான்.

கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: பணக்காரனுக்குக் காபியோடு விசாரணை, ஏழைக்கு அடி என்கிற அநியாயத்தை இப்படிப்பட்ட கதை அழகாக்கிவிடாதா? மறைத்தால் அழகாக்கும், காட்டலாமே. அபிராமபுரத்தில் கொலை நடந்தால் முதலில் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போகப்படுபவர் அபார்ட்மென்ட் வாட்ச்மேன். மாடி வீட்டுக்காரரிடம் காட்டுகிற பொறுமையை அவரிடமும் காட்ட இன்ஸ்பெக்டருக்கு எத்தனை எபிசோடு ஆகிறது என்று பார்க்க நான் தயார்.